அழுவோரின் கைபேசிக்கு ஒரு கவிதை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகம் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆலயக் கதவுகளும் சாத்தப்பட்டன. நோயில் பூசுதல் கொடுக்கக்கூட பல இடங்களில் போக முடியவில்லை. இறந்தவரின் முகத்தைப் பார்க்காமலேயே அடக்கம் செய்த குடும்பங்கள் பல பங்குகளில் உண்டு. கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும் வழி அடைபட்டபோது நமக்கு எஞ்சியிருந்தது கைபேசி ஒன்றுதான். அதன் வழியாக அன்று நாடு விட்டு நாடு போனவற்றில் பொய்யான மருத்துவக் குறிப்புகளும், குலை நடுங்க வைக்கும் செய்திகளும் ஏராளம். அவற்றுக்கு நடுவே இரண்டு கவிதைகளும் போயின. அவற்றைப் பற்றியும், துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு கவிதையை அனுப்புவது என்றால் என்ன என்பதைப் பற்றியும் உங்களோடு சற்றே சிந்திக்க விரும்புகிறேன்.

முதல் கவிதையை எழுதியவர் அயர்லாந்து நாட்டுக் கப்புச்சின் துறவி ரிச்சர்ட் ஹென்ட்ரிக். மார்ச் 13ஆம் நாள் தம் முகநூல் பக்கத்தில் 'லாக்டவுன்' என்ற தலைப்பில் அதை வெளியிட்டார். அவர் பெயர் பெற்ற கவிஞர் அல்லர். செபமும் தியானமும் கற்றுத்தரும் ஒரு துறவி. சில நாட்களுக்குள் அந்தக் கவிதை உலகெங்கும் பரவியது. பலர் அதை வாசித்துக் குரல்பதிவு செய்து அனுப்பினார்கள்.

இரண்டாவது கவிதையை எழுதியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் கிட்டி ஒமீரா. ஆசிரியராகவும், நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை அளிக்கும் பணியிலும் இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவத் துறையில் இருந்த தம் நண்பர்களை நினைத்து அவர் கலங்கிப்போயிருந்தார். அவர்களுக்கு எந்த உதவியும் செய்ய முடியவில்லையே என்று சோர்ந்திருந்த மனைவியைப் பார்த்து, மறுபடியும் எழுதத் தொடங்கு என்று கணவர் சொல்லியிருக்கிறார். அப்படி எழுதி, அதே மார்ச் மாதத்தில் அவர் முகநூலில் நண்பர்களுக்காக இட்ட சில வரிகள்தாம் கடல் தாண்டிப் போயின. மக்கள் வீட்டில் தங்கினார்கள் என்று தொடங்குவது அது. அந்த ஆண்டு முடிவதற்குள் படங்களோடு ஒரு சிறுவர் நூலாகவும் வெளிவந்துவிட்டது.

இந்த இரண்டாவது கவிதைக்கு நேர்ந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கைமாறிக் கைமாறிப் போன வழியில், இது 1869இல் காத்லீன் ஒமீரா என்பவர் எழுதியது, 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது மறுபதிப்பானது என்று யாரோ ஒரு குறிப்பை ஒட்டிவிட்டார்கள். காத்லீன் ஒமீரா என்று ஒருவர் உண்மையாகவே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்க எழுத்தாளர். புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசானாமின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். ஆனால் இந்தக் கவிதைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் கண்ணீரை எடுத்து, 1888இல் இறந்துபோன வேறொரு பெண்ணின் பெயரில் எழுதிவிட்டோம். பழமையானது என்றால் மதிப்புக் கூடும் என்று நினைத்தார்களோ என்னவோ! நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் 'அன்னை தெரசா கவிதை', 'அப்துல் கலாம் கவிதை' என்பனவற்றில் எத்தனை உண்மையிலேயே அவர்களுடையவை என்று யாராவது சரிபார்த்தது உண்டா?

இருக்கட்டும். இந்த இரண்டும் ஏன் இத்தனை பேருடைய மனதைத் தொட்டன? மொழி அழகு என்று சொல்ல முடியாது. இரண்டுமே எளிய மொழியில் அமைந்தவை. துறவி ஹென்ட்ரிக்கின் கவிதையை வாசித்துப் பாருங்கள். அது அச்சத்தை முதலில் ஒப்புக்கொள்கிறது. தனிமை உண்டு, பீதி உண்டு, நோய் உண்டு, சாவும் உண்டு என்று வரிசையாக 'ஆம்' போட்ட பிறகுதான் பறவைகளின் ஒலியையும், சன்னல் வழியாகப் பாடிக்கொள்ளும் மனிதர்களையும், அக்கம்பக்கத்தாருக்குத் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கும் இளம்பெண்ணையும் அது காட்டுகிறது. கிட்டி ஒமீராவின் கவிதையிலும் மக்கள் தங்கள் இழப்புகளுக்காகத் துக்கம் கொண்டாடுகிறார்கள். துக்கத்தைத் தாண்டிக் குதித்துப் போகாத ஆறுதல் இது. அதனால்தான் வாசித்தவர்கள் நம்பினார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றும் இதையே காட்டுகிறது. 2016 ஜூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில், இரவு விடுதி ஒன்றில் புகுந்த ஒருவன் 49 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த வாரத்தில்தான் ஒகையோ மாநிலக் கவிஞர் மேகி ஸ்மித்தின் 'குட் போன்ஸ்' என்ற கவிதை ஓர் இணைய இதழில் வெளியாகியிருந்தது. உலகத்தில் பாதி பயங்கரமானது என்பதைத் தன் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்கும் ஒரு தாயின் கவிதை அது. பாதிக்குப் பாதி கெட்டது என்று கணக்குச் சொல்லும் ஒரு கவிதையில் என்ன ஆறுதல் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதிர்ச்சியில் உறைந்திருந்த மக்கள் அதைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். தங்கள் நெஞ்சில் இருந்ததை அது சொல்லியது.

இப்போது நம் பங்குகளின் குழுக்களுக்கு வருவோம். ஒரு மரணச் செய்தி வருகிறது. முதலில் ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று தட்டச்சு செய்கிறார். பின்னால் வரும் நாற்பது பேரும் அதையே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அடுத்த நாள் காலையிலேயே ரோசாப்பூப் படத்தோடு ஒரு கவிதை வந்துவிடும்: கண்ணீரைத் துடை, கவலையை விடு, எல்லாம் நன்மைக்கே என்கிற வகை. அனுப்புகிறவருக்கு நல்ல மனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முந்தின நாள் கணவனைப் புதைத்துவிட்டு வந்த ஒரு பெண், காலை ஆறு மணிக்கு அதைத் திறந்து பார்க்கிறார். கண்ணீரைத் துடைக்கச் சொல்லும் அந்த வரி அவருக்கு என்ன செய்யும்?

நீதிமொழிகள் நூல் இதற்கு ஒரு கடுமையான விடை வைத்திருக்கிறது. 25ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மனம் நொந்தவர் முன்னால் உற்சாகப் பாட்டுப் பாடுவதை, குளிர் நாளில் ஒருவர் உடுத்தியிருக்கும் துணியை உருவுவதோடு ஒப்பிடுகிறார் ஞானி. பாட்டு கெட்டது என்று அவர் சொல்லவில்லை. நேரம் தெரியாத பாட்டு, போர்த்தியிருந்ததையும் பறித்துவிடுகிறது. யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாட்களில் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் யோபுவுக்கு இரண்டாவது வேதனை ஆரம்பமானது. இத்தனைக்கும் அவர்கள் பேசியதும் கவிதைதான்! அந்த நூலின் பெரும்பகுதி கவிதை நடையில் அமைந்தது. கவிதை என்ற ஒரே காரணத்தால் எதுவும் மருந்தாகிவிடாது.

வலியைச் சொல்லும் சொல் வலியைக் குறைக்கும் என்பதை மருத்துவ உலகமும் ஓரளவு கண்டிருக்கிறது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீல் என்பவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் சிலரை, நாள்தோறும் 15 நிமிடம் என நான்கு நாட்கள், தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வேறு சிலரைச் சாதாரண விடயங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கசப்பான நிகழ்வையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் முன்பைவிட வருத்தமாகவே இருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உடல்நலமின்றி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னர் இதே முறையில் பலரும் செய்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவிலேயே தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 2007இல் மேத்யூ லீபர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் வேறொன்றைக் கண்டார்கள். கோபமோ அச்சமோ தெரியும் முகங்களின் படத்தைப் பார்க்கும்போது, அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லும் ஒருவரின் மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டாலா என்ற பகுதியின் கொந்தளிப்புத் தணிகிறது. பெயரில்லாமல் நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பெயர் கிடைத்தவுடன் அதன் பிடி கொஞ்சம் தளர்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய நண்பர்களும் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. உடல்நலமுள்ள 23 பேரை இலத்தீன் மொழியில் 'அருள்நிறைந்த மரியே' செபத்தைச் சொல்ல வைத்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் அளந்தார்கள். செபம் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு முறை என்று மெதுவாகி, இதயத்தின் தாளமும் அதோடு இசைந்தது. யோக மந்திரத்தைச் சொல்லும்போதும் அப்படியே நடந்தது. இதைப் படித்துவிட்டுச் செபமாலையை இரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக வைத்துவிட வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. தாளமுள்ள சொற்களை வாய்விட்டுச் சொல்லும்போது உடலும் அதில் பங்கு கொள்கிறது. வீட்டில் சாவு நடந்த இரவில் நம் பாட்டிமார் செபமாலையை விடாமல் சொன்னதற்கு விசுவாசம் முதல் காரணம். உடம்புக்கும் அது தேவைப்பட்டது. கவிதையையும் அப்படித்தான். திரையில் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம். வாய்விட்டு வாசிப்பவருக்குக் கிடைப்பது அதிகம்.

அன்பார்ந்தவர்களே, நம் கையில் ஏற்கெனவே 150 கவிதைகள் கொண்ட ஒரு நூல் இருக்கிறது. திருப்பாடல்கள் நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எவ்வளவு காலம் என்று கடவுளைக் கேட்பவை, ஏன் மறந்தீர் என்று முறையிடுபவை, எலும்பு நொறுங்குகிறது, படுக்கை நனைகிறது என்று உடம்பைக் காட்டி அழுபவை. பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் நம்பிக்கையில் போய் முடிகின்றன. 88ஆம் திருப்பாடல் மட்டும் அப்படி முடிவதில்லை. இருள்தான் எனக்குத் துணை என்கிற பொருளோடு அது நின்றுவிடுகிறது. இதை விவிலியத்தில் சேர்த்தவர்கள், கடைசியில் ஓர் 'அல்லேலூயா' ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஒட்டவில்லை. நம்பிக்கை வார்த்தை நாவில் வராத ஒருவருக்கும் செபிக்க ஒரு பாடல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நாம் அனுப்பும் ஆறுதல் கவிதைகளில் 88ஆம் திருப்பாடலைப் போன்ற ஒன்று எப்போதாவது இருக்கிறதா?

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரின் வாயில் வந்ததும் ஒரு திருப்பாடலின் முதல் வரிதான். மத்தேயுவும் மாற்கும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அது 22ஆம் திருப்பாடல், கடவுள் தம்மைக் கைவிட்டதாக அலறும் பாடல். மலைப்பொழிவைத் தந்தவருக்கு, உவமைகளைச் சொன்னவருக்குச் சொற்களுக்கா பஞ்சம்? ஆனாலும் வேதனையின் உச்சியில், தமக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அழுத வரியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். சொந்தமாக வார்த்தை வராதபோது மற்றவருடைய வார்த்தையைக் கடன் வாங்குவது குறைவான செபம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். கவிதையைப் பகிர்வது என்பதே ஒருவருக்கு வார்த்தையைக் கடன் கொடுப்பதுதான்.

புலம்பலைப் பலருக்கும் பகிரச் சொன்ன ஓர் அரசரையும் விவிலியத்தில் பார்க்கிறோம். சவுலும் யோனத்தானும் கில்போவா மலையில் இறந்தபோது தாவீது ஓர் இரங்கற்பா பாடினார். சாமுவேல் இரண்டாம் நூல் முதல் அதிகாரத்தில் அது முழுமையாக இருக்கிறது. அதை யூதாவின் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி அவர் ஆணையிட்டார். தன்னைக் கொல்லத் துரத்திய சவுலையும் அதில் அவர் குறை சொல்லவில்லை. நண்பனுக்காக அழுத அழுகை ஒரு மக்களினத்தின் பாடலானது. நம் ஊர்களிலும் இதுவே வழக்கம். ஒரு வீட்டில் சாவு என்றால் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வந்தவள் தன் அண்ணனை நினைத்து அழுவாள், வீட்டுக்காரி தன் கணவனை நினைத்து அழுவாள், பாட்டு ஒன்று. பெரிய வியாழன், பெரிய வெள்ளி இரவுகளில் வியாகுலப் பிரசங்கத்தைப் பாடி அழுத ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒப்பாரி நாகரிகமற்றது என்று சொல்லி நிறுத்திவிட்டோம். அந்த இடத்தில் இப்போது குளிர்பெட்டியின் ஓசையும், கைபேசியைக் குனிந்து பார்க்கும் தலைகளும்தான் இருக்கின்றன. இழந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் துக்கத்தைச் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்ற பசி போய்விடவில்லை. 2020இல் அந்த இரண்டு கவிதைகள் நிரப்பியது அந்தப் பசியைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே கப்புச்சின் துறவியரின் ஆன்மிகத் தந்தையான புனித பிரான்சிஸ் அசிசியாரிடம் போக வேண்டும். படைப்புகளின் பாடல் என்று நாம் அறிந்த அவருடைய கவிதை 1225இல் பிறந்தது. நலமாக, மகிழ்ச்சியாக இருந்தபோது பாடியது என்று பலரும் நினைக்கிறார்கள். சான் தமியானோவில், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் படுத்திருந்தபோது அவர் அதைப் பாடினார். அதுவும் இலத்தீனில் அல்ல. சந்தையில் மக்கள் பேசிய மொழியில். சிறிது நாளில் அசிசி நகரின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் பகை முற்றியது. ஆயர் நகரத் தலைவரைச் சபையிலிருந்து விலக்கி வைத்தார். நகரத் தலைவரோ ஆயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது என்று தடை போட்டார். நோயாளியாகிய பிரான்சிஸ் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்பைப் பற்றி ஒரு பத்தியைத் தம் பாடலோடு சேர்த்தார். இருவரையும் ஆயர் இல்லத்து முற்றத்துக்கு வரவழைத்து, தம் சகோதரர்கள் இருவரை அனுப்பி அவர்கள் முன் அந்தப் பாடலைப் பாடச் சொன்னார். நகரத் தலைவர் கண்ணீரோடு எழுந்து நின்று கேட்டார். இருவரும் சமாதானமானார்கள் என்று பிரான்சிஸின் தோழர்கள் எழுதி வைத்த நினைவுகள் கூறுகின்றன.

இந்த நிகழ்வில் நான் கவனிப்பது இதுதான். பாடலை ஊருக்கெல்லாம் அனுப்பி, அந்த இருவரும் எங்கேயாவது கேட்டுக்கொள்ளட்டும் என்று அவர் விடவில்லை. இன்னாருக்கு இன்ன காயம் என்று அறிந்து, அவர்களுக்காகவே எழுதி, அதைக் கொண்டுபோக ஆட்களையும் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பலமுறை கைமாறி வந்திருந்தால் அதன் மேலே இரட்டை அம்புக்குறி தெரியும், பார்த்திருப்பீர்கள். அந்தக் குறியோடு வரும் ஆறுதல் கவிதையைத் திறக்கும் ஒருவருக்கு, இது தன்னை நினைத்து அனுப்பப்பட்டதல்ல என்பது முதல் பார்வையிலேயே புரிந்துவிடுகிறது. அதே கவிதையை ஒருவர் தம் கையால் தட்டச்சு செய்து, "அக்கா, இதை வாசித்தபோது உங்கள் நினைவு வந்தது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் நிலைமையே வேறு. ஐந்து நிமிட வேலை. இருநூறு பேருக்கு அனுப்ப அத்தனை நேரம்கூட ஆகாது என்பதுதான் சிக்கல்.

வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே 28ஆம் நாளிட்டு, சமூக வலைத்தளங்களில் கிறிஸ்தவரின் பங்கேற்புக் குறித்து ஒரு மேய்ப்புப்பணிச் சிந்தனையை வெளியிட்டது. நல்ல சமாரியர் உவமையை மையமாக வைத்து எழுதப்பட்டது அது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையைப் போலவே இந்த இணையச் சாலையிலும் அடிபட்டுக் கிடப்பவர்கள் உண்டு. விரலால் தள்ளிக்கொண்டே போகும் நாம் அவர்களைப் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறோம். இந்த உவமையில் சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததோடு நிற்கவில்லை. தம் விலங்கின்மேல் ஏற்றினார், சத்திரத்தில் சேர்த்தார், திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். கவிதை அந்த எண்ணெயைப் போன்றது. அதை வார்த்துவிட்டு அங்கேயே விட்டுப் போகிறவரைச் சமாரியர் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு விடயம் மிகவும் கவலைக்குரியது. கவிதையைப் பெறுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதை இடுகிறவர்களையும் பார்க்க வேண்டும். நம் இளைஞர்களும், சில வேளைகளில் நம் குடும்பத் தலைவிகளும், நள்ளிரவில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சில வரிகளைப் போடுகிறார்கள். உறக்கம் வேண்டும், இனி விழிக்க வேண்டாம், நான் இல்லாவிட்டால் யாருக்கும் சுமையில்லை, இப்படிப்பட்ட பொருளில். சில அவர்களே எழுதியவை, சில எங்கிருந்தோ எடுத்தவை. பார்க்கிறவர்கள் "சூப்பர்" என்றும், ஒரு சிவப்பு இதயத்தையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். 'காதல் தோல்வி போல' என்று சிரிப்பவர்களும் உண்டு. அத்தகைய வரிகள் எல்லாமே ஆபத்தின் அறிகுறி என்று சொல்லமாட்டேன். இளமையில் சோகக் கவிதை பிடிப்பது இயல்பு. எழுதுவதே பலருக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் வழக்கமாக அப்படி எழுதாத ஒருவர் எழுதும்போதும், அடுத்தடுத்து அதே பொருளில் வரும்போதும், அதை 88ஆம் திருப்பாடலை வாசிப்பது போல வாசிக்க வேண்டும். அது ஒருவருடைய செபமாக இருக்கலாம். செபமாகக்கூட மாறாத அலறலாக இருக்கலாம்.

அப்போது பதில் கவிதை அனுப்ப வேண்டாம். தொலைபேசியில் கூப்பிடுங்கள். பக்கத்துத் தெரு என்றால் நேரில் போய்விடுங்கள். "அந்த வரியைப் பார்த்தேன், என்னப்பா ஆயிற்று?" என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்கும்போது பலருக்கு மூச்சு வருகிறது என்றே மனநல மருத்துவர்கள் கூறுகிறார்கள். தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பங்குத்தந்தையிடம் சொல்லலாம், ஆனால் பங்குத்தந்தையோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும். மன நோய்க்கு மருந்து உண்டு, அதை உட்கொள்வது விசுவாசக் குறைவு ஆகாது. அன்பியக் கூட்டங்களில் இதை ஒருமுறை வாய்விட்டுப் பேசிவிட்டால் எத்தனையோ வீடுகளுக்குப் பாதுகாப்பு.

கவிதை வாசிக்கவெல்லாம் நமக்கு நேரம் ஏது, அது படித்தவர்கள் சமாச்சாரம் என்று சிலர் நினைக்கலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17ஆம் நாளிட்டு இலக்கியத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். முதலில் குருக்களின் பயிற்சிக்காக என்று தொடங்கி, பிறகு எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் என்று அதை விரித்துக்கொண்டார். அதில் அவர் தம் இளமைக் கதை ஒன்றைச் சொல்கிறார். 1964-65இல், 28 வயதில், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகர இயேசு சபைப் பள்ளியில் இலக்கிய ஆசிரியராக இருந்தார். பாடத்திட்டத்தில் இருந்தது 'எல் சித்' என்ற பழைய வீர காவியம். மாணவர்களுக்கோ அது பிடிக்கவில்லை; தங்கள் காலத்துக்கு நெருங்கிய கார்சியா லோர்காவின் கவிதைகளைக் கேட்டார்கள். அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பேசுவோம் என்று அவர் விட்டுக்கொடுத்தார். ஒருவருடைய நெஞ்சில் இன்று எது இருக்கிறதோ அதைத் தொடும் எழுத்திலிருந்துதான் வாசிப்புத் தொடங்க முடியும் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. துக்க வீட்டுக்கு அனுப்பும் கவிதையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கேள்விதான். எனக்குப் பிடித்ததா, அவருக்கு இன்று தேவையானதா?

இன்னொன்று, எப்போது அனுப்புவது என்பது. சாவு நடந்த அன்று கைபேசி நிரம்பி வழிகிறது. மூன்றாம் நாள் குறைகிறது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போன பிறகு ஒருவரும் கூப்பிடுவதில்லை. இறந்தவரின் முதல் பிறந்த நாள், முதல் கிறிஸ்து பிறப்பு விழா, திருமண நாள் ஆகியவை மிகவும் கொடியவை. கவிதை போகவேண்டிய நாட்கள் அவை. பதில் வராமல் இருக்கலாம். நீல நிறக் குறி மட்டும் விழுந்து அப்படியே இருக்கலாம். ஏன் பதில் போடவில்லை என்று கேட்டுவிடாதீர்கள்.

நமது பங்கு இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன், அந்த ஆண்டில் நம் பங்கில் இறந்தவர்களின் பெயர்களைப் பங்கு அலுவலகத்தின் இறப்புப் பதிவேட்டிலிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பொறுப்பு. 130ஆம் திருப்பாடலைப் பின்னணி இசை எதுவும் இல்லாமல், உங்கள் சொந்தக் குரலில் நிதானமாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். எட்டே வசனங்கள், ஒன்றரை நிமிடம் ஆகும். அதைக் குழுவில் போடாமல், அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். கண் தெரியாத முதியவர்களும், எழுத்தறியாதவர்களும் காதில் வைத்துக் கேட்டுக்கொள்வார்கள். கைபேசி இல்லாத வீடுகள் இரண்டு மூன்று கட்டாயம் இருக்கும். அங்கே விவிலியத்தை எடுத்துக்கொண்டு இருவராகப் போய் வாசித்துவிட்டு வாருங்கள்.